தினமும் கையில் புழங்கும் பொருளுக்கு எந்த மணித்தையல்?

ஜப்பானியக் கைவினைப் புத்தகங்களில் மணித்தையல் பகுதியைத் திறந்தால் கண்ணில் படுவது ப்ரோச் (உடையிலோ பையிலோ குத்திக்கொள்ளும் அலங்காரப் பின்), மூக்குக்கண்ணாடிக் கூடு, காசுப் பை, கைப்பை மாதிரியான சின்னப் பொருள்கள். தினம் எடுத்து, வைத்து, தேய்ந்து, வியர்வை பட்டு உழைக்கிற பொருள்கள். இவற்றை மணியால் அலங்கரிக்க மூன்று வழி இருக்கிறது. ஊசியால் சில சில மணிகளாகத் தைக்கலாம். கொக்கி ஊசியால் வரிசையாக ஓட்டலாம். மணிகளைத் தனியாக நெய்து துணியில் பொருத்தலாம். மூன்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் புழங்கும் பொருளுக்கு ஊசிதான் சரி.

கொக்கியில் வேகம் அதிகம், அதை மறுக்க முடியாது. ஜப்பானில் இதைக் கற்றுத்தரும் வகுப்புகளில் புழங்குவது பிரான்சின் லூனேவில் ஊர்ப் பெயர் கொண்ட கொக்கி. நம் ஆரி ஊசிக்கு அது நெருங்கிய உறவு. இந்தியாவின் கொக்கித் தையல் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே வளர்ந்த வடிவம்தான் அது. ஆரியில் மணியை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு துணியின் நல்ல பக்கத்திலிருந்து குத்துகிறோம். லூனேவில் முறையில் மணிகளை முன்னாடியே நூலில் கோத்து, துணியைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். மணி அடியில் விழும். ஆனால் இரண்டிலும் விழுவது சங்கிலித் தையல். சிக்கலே அங்கேதான்.

அக்காவுக்கு மொபைல் பௌச் ஒன்று ஆரியில் போட்டுக் கொடுத்தேன். கறுப்புத் துணியில் வெள்ளி மணியால் அலை அலையாக வரிசைகள். மூன்றாம் மாதம் சாவிக்கொத்தின் வளையம் ஒரு மணியில் மாட்டி இழுத்ததில் நூல் அறுந்தது. "என்னடி இது, ஒரு நூலை இழுத்தா மாலை மாதிரி கழண்டு வருதே!" என்று கைக்குட்டையில் மணிகளைக் கட்டிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்து நிற்கிற தையல் அது. ஓர் இடத்தில் விட்டால் வரிசையே உருவிக்கொண்டு வரும். ஆரி ஜாக்கெட் விசேஷத்துக்கு விசேஷம் பீரோவிலிருந்து வெளியே வருவது, அதற்கு இது பெரிய குறையில்லை. பௌச்சின் கதை வேறு. பின்பக்கம் பசை தடவினால் ஓரளவு தாங்கும். ஆனால் துணி விறைத்துப் போகும். மடங்குகிற பைக்கு அது ஒத்துவராது.

ஊசியில் நான் போடுவது பின்தையல். 4 மணி கோத்து, படுக்கவைத்து, கீழே இறங்கு. 2 மணி பின்னால் வந்து மேலே ஏறி, கடைசி 2 மணிக்குள் மறுபடி ஊசியை விடு. அப்புறம் அடுத்த 4. இப்படிச் செய்தால் பாதி மணிகளுக்குள் நூல் இரண்டு தடவை ஓடியிருக்கும். ஓர் இடத்தில் அறுந்தாலும் போவது இரண்டு மூன்று மணிதான். அதே நிறத்தில் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நேரம் மட்டும் கொள்ளையாகப் போகும். 5 சென்டிமீட்டர் சதுரத்தை இடைவெளி இல்லாமல் நிரப்ப 11-ஆம் எண் உருண்டை மணி (எண் கூடினால் மணி சிறிதாகும்) 800, 900 வரை பிடிக்கும். எடையில் பார்த்தால் 8 கிராம் சுமார்தான், பை கனக்காது.

நெய்து ஒட்டுவது பார்க்க மிக நேர்த்தி. ஆனால் மணித்தகடு துணியைவிட விறைப்பாக நிற்பதால் மடிப்பில் ஓரம் தூக்கிக்கொள்ளும். தட்டையான கண்ணாடிக் கூட்டுக்குப் போடலாம், சுருக்குப் பைக்கு வேண்டாம்.

மணியைப் பொறுத்தவரை, ஜப்பானிய மணி என்றதும் எல்லோரும் கேட்பது டெலிகா. மியுகி நிறுவனத்தின் உருளை மணி. இரண்டு முனையும் வெட்டிவிட்டது போலத் தட்டை. 11-ஆம் எண் டெலிகா ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், ஒன்றுக்கொன்று அச்சு அசல். நெய்வதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் தையலில் எனக்கு உருண்டைதான் பிடிக்கும். இலையின் வளைவில் டெலிகாவை வைத்தால் வெளிப்பக்கம் ஆப்பு மாதிரி வாய் பிளந்து நூல் தெரியும். தோளுருண்ட மணி அந்த இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும். நேர்க்கோடு, கட்டம், எழுத்து என்றால் டெலிகாவை எடுக்கலாம்.

ஆரிக்கு நாம் வாங்கும் சுகர் பீட்ஸ் விலையில் பல மடங்கு மலிவு. ஆனால் அளவு ஒன்றுபோல் இருக்காது. வரிசை பல்வரிசை போல மேடுபள்ளமாக நிற்கும். சில மணிகளின் துளைவாய் கூராக இருந்து நூலை அரிக்கும். பழகுவதற்கு அதையே வாங்குங்கள், தப்பில்லை. செக் நாட்டு மணி இரண்டுக்கும் நடுவில். லேசான ஏற்றத்தாழ்வு பூ, பறவை மாதிரி உருவங்களுக்கு உயிர் கொடுக்கும்.

பளபளப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண உலோகப் பூச்சு மணி கைபடும் இடத்தில் சீக்கிரமே வெளுத்து உள்ளே இருக்கும் கண்ணாடி தெரியும். மியுகியில் டியூராகோட், இன்னொரு ஜப்பானிய மணி நிறுவனமான டோஹோவில் பெர்மாஃபினிஷ் என்று உறுதியான பூச்சு வகைகள் உண்டு, கூடுதல் காசு கொடுத்தாலும் அதுதான் லாபம். சாயம் ஏற்றிய இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் வெளிறும். தினசரிப் பைக்கு நிறம் கண்ணாடியிலேயே கலந்த மணிதான் என் முதல் தேர்வு.

மியுகி, டோஹோ இரண்டுமே ஹிரோஷிமா மாவட்டத்துக்காரர்கள். தையல் ஊசிக்கும் 300 ஆண்டுகளுக்கு மேல் பேர் போன இடம் அது. மணி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 11-ஆம் எண் மணிக்கு 10-ஆம் எண் ஊசி, குட்டி 15-ஆம் எண் மணிக்கு 12. ஊசி துளையில் இறுகினால் குறடு வைத்து இழுக்காதீர்கள். உடைவது பெரும்பாலும் ஊசியாக இருக்காது, ஏற்கெனவே தைத்து முடித்த மணியாக இருக்கும்.

அடுத்தது, நேராகப் பையின் மேலேயே தைப்பதா, தனியாகத் தைத்துப் பொருத்துவதா. காமகுச்சி என்கிற உலோக வாய் வைத்த காசுப் பை (பெயருக்குத் தேரை வாய் என்று அர்த்தம்) என்றால் துணியாக இருக்கும்போதே தைத்தாக வேண்டும். துணியின் ஓரம் பசையும் காகிதக் கயிறுமாக உலோகப் பள்ளத்துக்குள் போய் உட்காரும். அதனால் வாயோரம் ஒரு சென்டிமீட்டர் மணியே கூடாது. என் முதல் பையில் விளிம்பு வரை தைத்துவிட்டு, கடைசியில் ஒரு வரிசை மணியைப் பிரித்தேன்.

மற்றபடி துணிப்பை, பௌச், தொப்பி எதுவானாலும் கெட்டியான ஃபெல்ட் துணியில் தைத்து, பின்னால் இன்னொரு ஃபெல்ட்டும் குத்திக்கொள்ள ஒரு பின்னும் வைத்து ப்ரோச்சாக்கிவிடுவதையே சொல்வேன். துவைக்கும்போது கழற்றிக்கொள்ளலாம், பை கிழிந்தாலும் வேலை வீணாகாது. அக்கா கைக்குட்டையில் கொண்டுவந்த வெள்ளி மணிகளை அப்படித்தான் ஒரு பிறைநிலவாகத் தைத்துக் கொடுத்தேன். இந்த வாரம் அவளுடைய காய்கறிப் பையில் இருக்கிறது, போன வாரம் குடையின் உறையில் பார்த்தேன்.