எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கும் முன்: சென்டோசா போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தீம் பார்க்கில் ரைடுகளின் நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வரிசையில் போக, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் சீட்டுதான் எக்ஸ்பிரஸ் பாஸ். அதைக் காட்டும்போது ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு பேசிப் பயனில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தீம் பார்க் என்று தமிழ்க் குடும்பங்கள் கிளம்பினால் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் சிங்கப்பூரின் சென்டோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸில்தான். ஆகவே அதை வைத்தே சொல்கிறோம். மற்றப் பூங்காக்கள் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஏமாற்று முதலில் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயணத் திட்டத்தில் "யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஃபாஸ்ட் ட்ராக் என்ட்ரியுடன்" என்று ஒரு வரி இருக்கும். சில இணையதளங்களில் இதையே "ஸ்கிப் த லைன்" என்பார்கள். படிக்கிறவர் ரைடு வரிசையைத் தாண்டிப் போகலாம் என்று நினைத்துக்கொள்வார். விற்கிறவர் சொல்வது டிக்கெட் கவுன்ட்டர் வரிசையை மட்டும். ஆன்லைனில் டிக்கெட் எடுத்து பார்கோடை ஃபோனில் வைத்திருக்கும் யாருமே அந்தக் கவுன்ட்டர் பக்கம் போக வேண்டியதில்லை. எல்லோருக்கும் சும்மா கிடைப்பதற்குத் தனிக் காசு வாங்கிவிட்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். உள்ளே போனால் பை சோதனை, நுழைவாயில், ரைடு என்று எல்லா வரிசையும் அப்படியே காத்திருக்கும். சட்டப்படி பொய்யும் சொல்லவில்லை, "என்ட்ரி" என்றுதானே எழுதினோம் என்பார்கள்.

உண்மையான எக்ஸ்பிரஸ் பாஸ் இரண்டு வகை. ஒன்று சாதாரண எக்ஸ்பிரஸ்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரைடிலும் ஒரே ஒரு முறை. இன்னொன்று அன்லிமிடெட்: அன்று முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும். இரண்டிலும் நுழைவுக் கட்டணம் சேராது. பூங்கா டிக்கெட்டைத் தனியாக வாங்கி, அதற்கு மேல் இதையும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும். நம்மூர் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நம்மூர் வொண்டர்லா பூங்காக்களில் ஃபாஸ்ட்ராக் என்பது நுழைவையும் சேர்த்து விற்கும் டிக்கெட். அந்தப் பழக்கத்தில் எக்ஸ்பிரஸ் மட்டும் நான்கு வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், உள்ளே விடமாட்டார்கள். அன்றைய நுழைவு டிக்கெட் தீர்ந்துபோயிருந்தால் கையிலிருக்கும் பாஸ் வெறும் காகிதம்.

ஏஜென்டிடம் "எக்ஸ்பிரஸ் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். ஒரு முறையா, அன்லிமிடெட்டா? நுழைவு சேர்த்தா, தனியா? எந்தத் தேதிக்கு? எந்தெந்த ரைடு? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி வேண்டாம்.

அடுத்தது டெலிகிராம், ஃபேஸ்புக் குழு, பழைய பொருள் விற்கும் செயலி ஆகியவற்றில் நடக்கும் வியாபாரம். "திடீரென்று பிளான் மாறிவிட்டது, நாளைக்கான அன்லிமிடெட் நான்கு இருக்கிறது, பாதி விலை" என்று செய்தி வரும். நான்கும் நிஜமான பார்கோடாகவே இருக்கலாம், அதுதான் இதில் உள்ள சூது. ஒரே பிடிஎஃப் ஆறு பேருக்கு விற்கப்பட்டிருக்கும். காலையில் முதலில் ஸ்கேன் செய்தவருக்குப் பச்சை, மீதி ஐந்து பேருக்கும் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது". இன்னொரு வகை பாதி தின்ற பாஸ். மதியத்துக்குள் நாலைந்து ரைடு முடித்துவிட்டு, மிச்சத்தைப் பூங்காவுக்குள்ளேயே ஒருவர் தள்ளிவிடுவார். எந்த ரைடு தீர்ந்திருக்கிறது என்பது ஸ்கேனருக்குத்தான் தெரியும், பார்கோடைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது வகைதான் மோசம். திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பூங்கா அதை ரத்து செய்துவிடும். இரவு வரை செல்லுபடியாக இருந்தது காலையில் செத்திருக்கும், கூடவே நீங்கள் கொஞ்சம் விளக்கமும் சொல்ல வேண்டிவரும்.

இந்த வியாபாரிகளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. முன்பதிவு உறுதி மின்னஞ்சலை முழுதாக அனுப்பமாட்டார்கள், பார்கோடு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வரும். அதுவும் "போகிற அன்று காலையில்தான் அனுப்புவேன்" என்பார்கள். பணம் நிறுவனக் கணக்குக்கு இல்லாமல் தனிநபரின் பேநவ் (சிங்கப்பூரில் ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) எண்ணுக்கோ ஜிபேக்கோ போகும். தேதி குறித்து விற்கும் பாஸுக்கு 40, 50 சதவீதத் தள்ளுபடி தர ஒருவருக்கு என்ன வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

சரி, நிஜமான பாஸையே அதிகாரபூர்வத் தளத்தில் வாங்கிவிட்டீர்கள். அப்போதும் காசு வீணாகிற வழிகள் உண்டு. இதில் யாரும் உங்களை ஏமாற்றுவதில்லை, கணக்குத்தான் ஏமாற்றும்.

எக்ஸ்பிரஸ் வரிசையும் சாதாரண வரிசையும் ரைடுக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் வந்து சேரும். அங்கே ஒரு ஊழியர் கையை நீட்டி நிறுத்தி, எக்ஸ்பிரஸ் பக்கம் ஒரு கூட்டத்தை விட்டு, அப்புறம் இந்தப் பக்கம் சில பேரை விடுவார். ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 இடம் எக்ஸ்பிரஸுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 400. அந்த வரிசையில் 400 பேர் நின்றால், எக்ஸ்பிரஸே இல்லாவிட்டால் 24 நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இப்போது ஒரு மணி நேரம். சாதாரண வரிசை நகராமல் நிற்பது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான், பாஸ் வாங்கத் தூண்டுவதும் இதேதான். மறுபக்கத்தையும் பாருங்கள்: எக்ஸ்பிரஸ் வரிசையில் 300 பேர் சேர்ந்துவிட்டால் அங்கேயும் அரை மணி நேரம். பாஸ் என்பது நேரடியாக ஏறும் சீட்டு இல்லை, குட்டையான இன்னொரு வரிசைக்கான சீட்டு.

ரைடு பழுதாகி நாற்பது நிமிடம் நின்று திரும்ப ஓடும்போது எக்ஸ்பிரஸ் வரிசைதான் முதலில் வீங்கும், காசு கட்டியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள். அப்போது அங்கே போகாதீர்கள். ஒரு முறை பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: வாசல் பலகையில் சாதாரண வரிசை 10 நிமிடம் என்று காட்டும்போது பழக்கத்தில் எக்ஸ்பிரஸ் வழியில் நுழைந்துவிடுவார்கள். "பீப்" என்றால் அந்த ரைடுக்கான உரிமை தீர்ந்தது. பத்து நிமிடத்துக்காக அதைக் கொடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு 80 நிமிடம் காட்டும்போது கையைப் பிசைவார்கள். வாசல் திறப்பதற்கு அரை மணி முன்னால் போய், முதல் ஒரு மணி நேரம் பாஸைத் தொடாமல் பெரிய ரைடுகளை முடித்துவிட்டு, நெரிசலான 12 முதல் 4 மணிக்குள் பாஸைச் செலவழிப்பதே சரி. பூங்காவின் சை-ஃபை சிட்டி பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரைடுகள் இருக்கின்றன, அடுத்த பகுதியான எகிப்தில் மம்மி ரைடு. இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் காலை ஓட்டம் எளிது.

தனியாகவோ, பிரிந்து உட்காரச் சம்மதிக்கும் பெரியவர்களாகவோ போனால் சிங்கிள் ரைடர் வரிசை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் வரிசைக்கு நான்காக 12 இருக்கை. மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலி, அதை நிரப்பத்தான் இந்த வரிசை. இதற்குக் காசு கிடையாது. கல்லூரிப் பையன்கள் எக்ஸ்பிரஸ் வாங்குவதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை.

குழந்தைகள் விஷயத்தில்தான் அதிகக் காசு போகிறது. உயர வரம்பைப் பாருங்கள்: பேட்டில்ஸ்டாருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, ஜுராசிக் பார்க் ரேபிட்ஸுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100. உங்கள் பிள்ளை 98 செ.மீ. என்றால் இந்த ரைடு எதிலும் ஏற முடியாது, எக்ஸ்பிரஸ் எதற்கு? விற்பவர் உயரம் கேட்கமாட்டார், வயது மட்டும் கேட்பார். வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரில் நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள். ரைடு வாசலில் அளவுகோலுடன் நிற்பவர் "ஒரு சென்டிமீட்டர்தானே தம்பி" என்ற பேச்சுக்கெல்லாம் மசியமாட்டார். ஒருவர் குழந்தையுடன் காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் மாற்றிக்கொள்ளும் வசதி யூனிவர்சல் பூங்காக்களில் உண்டு. "சைல்டு ஸ்வாப்" என்று கேளுங்கள்.

எந்த நாளில் போகிறோம் என்பதுதான் பாஸ் தேவையா என்பதைத் தீர்மானிக்கும், இதை ஏஜென்ட் ஒருபோதும் சொல்லமாட்டார். தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல், மே. சிங்கப்பூரில் அப்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய பெரிய விடுமுறை மே கடைசி வாரத்தில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும், பிறகு நவம்பர் பாதி முதல் டிசம்பர் வரை. நடுவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலோ மே இரண்டாம் வாரத்திலோ, செவ்வாய் புதன் மாதிரி நாளில் போகிறவர் முன்கூட்டியே எக்ஸ்பிரஸ் வாங்குவது பெரும்பாலும் தண்டம். மே முதல் ஐந்து நாட்களை மட்டும் தவிருங்கள், சீனாவின் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் வரும். மே 31 வாக்கில் "பள்ளி திறப்பதற்குள் ஒரு ட்ரிப்" என்று போகிறவர்கள் சரியாக சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் விடுமுறையில் போய் இறங்குகிறார்கள். அப்போது பாஸ் வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் விலையும் அந்த நாளுக்கேற்ப ஏறியிருக்கும், அன்று காலை கேட்டால் தீர்ந்தும் போயிருக்கலாம்.

இடியையும் கணக்கில் சேருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும், அதுவும் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் பேட்டில்ஸ்டார், கேனோபி ஃப்ளையர் போன்ற வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிரஸுக்குப் பணம் திரும்பாது. மதியம் வானம் கறுக்கத் தொடங்கினால் வெளிப்புற ரைடுகளில் பாஸை முதலில் செலவழித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற கூரைக்குள் இருப்பவற்றைப் பிறகு பாருங்கள். பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியல் அதிகாரபூர்வத் தளத்தில் தேதியோடு இருக்கும், வாங்கும் முன் அதைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பேட்டில்ஸ்டாரில் பையை லாக்கரில் வைத்தாக வேண்டும். குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், தாண்டினால் கட்டணம். லாக்கர் வரிசையைத் தாண்ட எக்ஸ்பிரஸ் கிடையாது.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சில இரவுகளில் இதே பூங்காவில் நடக்கும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற பேய் நிகழ்ச்சிக்கு நுழைவும் எக்ஸ்பிரஸும் தனித்தனி. பகல் பாஸ் அங்கே செல்லாது. "பகலும் இரவும் ஒரே பாஸில்" என்று விற்றால் அது பொய்.

டிஸ்னி பூங்காக்களில் வரிசை தாண்டும் முறை வேறு. அமெரிக்க டிஸ்னி வேர்ல்டில் 1999 முதல் இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021 அக்டோபரில் கட்டண ஜீனி பிளஸ் வந்தது. 2024 ஜூலையிலிருந்து அது லைட்னிங் லேன் மல்டி பாஸ். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர் 7 நாள் முன்பும், மற்றவர் 3 நாள் முன்பும்தான் நேரம் குறிக்க முடியும். "ஒரு மாதம் முன்னாலேயே லைட்னிங் லேன் போட்டுத் தருகிறேன்" என்பவர் எதையும் போடப்போவதில்லை. உங்கள் டிஸ்னி கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். ஒசாகா யூனிவர்சலில் எக்ஸ்பிரஸ் என்பது குறிப்பிட்ட சில ரைடுகளுக்கு மட்டும், சிலவற்றில் நேரமும் குறித்திருக்கும். மறுவிற்பனை டிக்கெட் செல்லாது என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் விதி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: விற்றவருடன் நடந்த உரையாடலை அழிக்காதீர்கள், அவர் "டெலிட் ஃபார் எவ்ரிஒன்" போடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பூங்காவின் கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் அந்த பார்கோடைக் காட்டி, எப்போது பயன்படுத்தப்பட்டது, அல்லது ஏன் ரத்தானது என்று கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அன்றே வங்கியில் டிஸ்பியூட் (பணத்தைத் திருப்பக் கோரும் புகார்) போடுங்கள். பேநவ், ஜிபே என்றால் திரும்பக் கிடைப்பது கடினம், இருந்தாலும் முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் இணைய மோசடிக்கு 1930, ஏஜென்டின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. சிங்கப்பூரில் மோசடி உதவி எண் 1799. சிங்கப்பூர் ஏஜென்ட் என்றால் சுற்றுலாக் கழக உரிம எண்ணைக் கேட்டுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், புகாரில் அந்த எண்ணையும் "ஃபாஸ்ட் ட்ராக் என்ட்ரி" என்று எழுதிய அந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.