134/83 என்று செயலி சொன்னால் நம்பலாமா? வீட்டுப் பிரஷர் கணக்கு: நோட்டு, செயலி, விரிதாள், சாட்பாட்

காலைச் சராசரி 142/88. மாலைச் சராசரி 126/78. இரண்டையும் கலந்து செயலி காட்டுவது 134/83, பக்கத்தில் பச்சை நிறம். மலேசியச் சுகாதார அமைச்சின் 2018 மருத்துவ வழிகாட்டியின்படி, வீட்டில் எடுத்த சராசரியின் மேல் எண் 135-ஐயோ கீழ் எண் 85-ஐயோ தொட்டால் அது ரத்தக் கொதிப்பு. கலந்த கணக்கில் தப்பியவர் காலைக் கணக்கில் மாட்டுகிறார். காலையில் விழுங்கிய மாத்திரையின் வேகம் மறுநாள் விடியலுக்குள் தணிந்திருக்கலாம். குறட்டையோடு கெட்ட தூக்கம் இருக்கலாம். முதல்நாள் மாலை குடித்த மதுவும் காரணமாகலாம். எது என்று பிரிப்பது டாக்டர் வேலை. காலையையும் மாலையையும் பிரித்துக் காட்டுவது மென்பொருளின் வேலை, அதில்தான் பல செயலிகள் சறுக்குகின்றன.

எந்த வழியானாலும் உள்ளே போகும் எண்கள் ஒன்றுதான்: ஏழு நாள், காலை இரண்டு, மாலை இரண்டு, ஒரு நிமிட இடைவெளி, மொத்தம் 28. முதல் நாளை ஒதுக்கினால் மீதி 24. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவப் போகிறவர் இருட்டோடு கிளம்பிவிடுவார். அவருக்குக் காலை என்பது எழுந்து, சிறுநீர் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கோப்பிக்கும் மாத்திரைக்கும் முன். வேலை முடிந்து பத்து மணிக்கு வந்து எடுப்பது கணக்கில் சேராது. செம்பனைக் குலை வெட்டி உரமேறிய கைக்கு, மெஷினோடு மேல்கையில் சுற்றும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் போதாது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். பல மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேலென்றால் பெரிய பட்டை வாங்க வேண்டும். சிறிய பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் எண் ஏறும். தப்பான எண்ணை எந்தச் செயலியும் கண்டுபிடிக்காது.

நோட்டுப் புத்தகம் மலிவு, கிளினிக்கில் உடனே நீட்டலாம். ஆனால் சராசரி யாரும் போடுவதில்லை. அதைவிட, கூடுதலாக வந்த எண்ணை விட்டுவிட்டு நல்ல எண்ணை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

அந்த ஆசைக்கு இடம் தராததுதான் மெஷினோடு வரும் செயலியின் பெரிய பலம். ஆம்ரான் கனெக்ட் போன்றவை புளூடூத் வழியாக எண்ணை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. வரும் கோளாறுகள் வேறு மாதிரி. வீட்டில் ஐயாவும் அம்மாவும் ஒரே மெஷினைப் பயன்படுத்தி, பயனர் 1, 2 பொத்தானை மாற்ற மறந்தால் இருவர் பிரஷரும் ஒரே வரைபடத்தில் ஓடும். சில மெஷின்களில் பேட்டரி மாற்றியதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பல மெஷின்கள் கடிகார நேரத்தை வைத்தே காலை, மாலை என்று பிரிப்பதால், செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்து மதியம் மூன்று மணிக்கு எழுபவரின் "காலை" எதிலும் சேராது. நிறத்திலும் சிக்கல் உண்டு. அமெரிக்க 2017 வழிகாட்டியைப் பின்பற்றும் செயலிக்கு எல்லை 130/80. அதனால் 132/82 ஒரு செயலியில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

எங்கள் தேர்வு எக்செல் போன்ற விரிதாள். பிள்ளை ஒருமுறை அமைத்துக் கொடுத்தால் போதும். காலைக்கு ஒரு தாள், மாலைக்கு ஒரு தாள்; முதல் வரிசை தலைப்பு, 2 முதல் 15 வரை அளவுகள். 2, 3 முதல் நாளுடையவை. சராசரிக் கட்டளையை 4 முதல் 15 வரை மட்டும் கொடுங்கள். மேல் எண், கீழ் எண், நாடித் துடிப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. "138/86" என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எழுத்தாக எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காது. தட்டச்சுப் பிழை இதன் பலவீனம். ஆனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கலாம். மற்ற எதிலும் இவ்வளவு தெளிவு கிடையாது.

சாட்ஜிபிடி வகைச் சாட்பாட்டுகளுக்கு மெஷின் திரையைப் படம் எடுத்து அனுப்புவது இப்போது நடக்கிறது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் 1 என்பது 7 ஆகும், 6 என்பது 8 ஆகும். எண்களை நாமே அடித்தாலும் 24 எண்களின் சராசரியைத் தப்பாகச் சொல்லிவிட்டு உறுதியாகப் பேசக்கூடும். "அம்மாவுக்குப் பரவாயில்லைதானே?" என்று கேட்டால் பரவாயில்லை என்ற பக்கமே சாயும். மாத்திரையைக் கூட்ட, நிறுத்த யோசனை கேட்கவே கூடாது. ஒன்றுக்கு உதவும்: சராசரியை நீங்கள் போட்டுவிட்டு, "காலை 142/88, மாலை 126/78, மாத்திரை காலை ஏழு மணிக்கு; டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள் தமிழிலும் மலாயிலும் எழுது" என்று கேளுங்கள். அடையாள அட்டை எண்ணை அடிக்காதீர்கள்.

பிரஷர் காட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் கடைசி. சாம்சங்கில் 28 நாளுக்கு ஒருமுறை மேல்கையில் பட்டை சுற்றும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு மெஷினையே பார்த்தால் என்ன? நோயைக் கண்டறிய இந்தக் கடிகாரங்களை நம்ப வேண்டாம் என்பதே ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டிகளின் நிலை.

இதயத் துடிப்பு சீரில்லை என்று மெஷின் குறி காட்டிக்கொண்டே இருந்தால், சராசரிக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டுக்குப் பதில் மூன்று அளவு எடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஏழு நாள் கணக்கே பொருந்தாது: 140/90 வந்தால் அன்றே கிளினிக்.

180/120 தொட்டால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி எடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என ஏதாவது இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்காமல் 999.