சமையலறைத் தரையைச் சமப்படுத்திய கலவை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் சமையலறையின் பழைய சிமெண்ட் தரையைச் செல்ஃப் லெவலிங் கலவை (ஊற்றியதும் தானே பரவி மட்டமாகும் சிமெண்ட் கலவை) ஊற்றிச் சமப்படுத்தி, அதன் மேல் 600 மி.மீ. சதுர டைல்ஸ் பதித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிரிட்ஜின் எடையையும் அன்றாடம் சிந்தும் தண்ணீரையும் கைதவறி விழும் பாத்திரங்களையும் அந்தத் தரை தாங்கிப் பழகிவிட்டதால், இனி அதைப் பற்றி நம்பிக்கையோடு எழுதலாம்.

கலவை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தரை இன்றும் உறுதியாக இருப்பதற்கு, அதை ஊற்றும் முன் அடியில் பார்த்த வேலையே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மீட்டர் நீள அலுமினிய மட்டப்பலகையைப் பல திசைகளில் வைத்து, அதன் அடியில் தெரிந்த இடைவெளிகளை அளந்து சாக்பீஸால் குறித்தோம். பெரிய டைல்களுக்கு இந்த நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. எங்கள் தரையிலோ அடுப்பு மேடைக்கு முன்னால் ஒரு விரல் கனத்துக்குக் குழிந்திருந்தது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்து, பொள்ளலான ஓசை கேட்ட இடங்களில் எல்லாம் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம். பிடிப்பு விட்ட பூச்சின் மேல் எவ்வளவு தரமான கலவையை ஊற்றினாலும், அது அந்தப் பூச்சோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும்.

சமையலறைக்கே உரிய சிக்கல் எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்பருகே தெளித்த தண்ணீர் தரையில் ஊறாமல் முத்து முத்தாக நின்றது. அப்படி நிற்கும் இடத்தில், கலவைக்கு முன் தரையில் பூசும் பிரைமரும் பிடிக்காது என்பதால், தண்ணீர் உடனே ஊறும் வரை மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தோம். பிரைமரைத் தவிர்ப்பது சிக்கனமே அல்ல. பிரைமர் பூசாத காய்ந்த சிமெண்ட் தரை, மேலே ஊற்றும் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளிருந்து வெளியேறும் காற்று மேற்பரப்பில் ஊசித்துளைகளை உண்டாக்கும்.

தண்ணீரைப் பையில் அச்சிட்ட அளவுக்கு மேல் ஒரு குவளைகூடச் சேர்க்கக் கூடாது. கூடுதல் தண்ணீரில் கலவை அழகாக ஓடும், ஆனால் காய்ந்ததும் மேலே மாவுபோல் உதிரும் ஓர் ஏடு படியும். டைல் பசை அந்த ஏட்டையே பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும். கலந்த பின் ஏறக்குறைய கால் மணி நேரமே கைவசம் இருக்கும் என்பதால், ஒருவர் கலக்க மற்றவர் ஊற்ற வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.6 கிலோ கலவை செல்லும். ஆகவே ஆழமான குழிகளை முதலில் சிமெண்ட் மணல் சாந்தால் நிரப்புவதே நல்லது. டைல் பசையையே கனமாக அப்பிச் சமன்செய்யும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கனமான பசை காயும்போது சுருங்கி டைலையும் கீழே இழுக்கும்.

இன்றுவரை எந்த டைலின் விளிம்பும் காலில் தட்டுவதில்லை. தட்டிப் பார்த்தாலும் எங்கும் பொள்ளல் இல்லை. சுவரோரத்தில் மட்டும் கிரௌட் (டைல் இடைவெளிகளை நிரப்பும் பூச்சு) மெல்லிய கோடாக வெடித்தது. தரையும் சுவரும் சேரும் இடம் சற்றே அசையக்கூடியது என்பதால் கிரௌட்டைச் சுரண்டி எடுத்து, அசைவுக்கு வளைந்துகொடுக்கும் சிலிகோன் நிரப்பினோம். அதன் பிறகு வெடிப்பு வரவில்லை. தரை உயர்ந்ததால் கதவின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தரையைக் கழுவி விடுவதற்கென வடிகால் துளை உள்ள சமையலறைக்கு இந்தக் கலவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே துளையை நோக்கிய வாட்டம், அதாவது சரிவு, தேவை. இது அந்த வாட்டத்தையே அழித்துவிடும்.