சாரிசார்ட், பிட்ஜியாட் டெக்: நெடுநாள் ஆடிய அனுபவம்

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் ஒரு டெக்குக்குச் சரியாக 60 கார்டுகள். தாக்குவதற்குத் தேவையான அடிப்படை எனர்ஜி கார்டுகளைத் தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. எந்தக் கார்டு நல்லது என்பதில் ஆடுபவர்களுக்குள் அதிகம் தகராறு வராது. அது எத்தனை பிரதி வேண்டும் என்பதில்தான் வரும். 2023 ஆகஸ்டில் அப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பு வந்ததிலிருந்து சாரிசார்ட் எக்ஸ், பிட்ஜியாட் எக்ஸ் இரண்டையும் வைத்துக் கட்டிய டெக்கையே பெரும்பாலும் ஆடிவருகிறேன். இத்தனை நாளில் நான் மாற்றியதெல்லாம் எண்ணிக்கைகளைத்தான்.

பெயர் சாரிசார்டுக்குப் போனாலும் வேலையைச் செய்வது பிட்ஜியாட். தாக்கும் போக்கிமானுக்குப் பின்னால் காத்திருக்கும் வரிசையான பெஞ்சில் உட்கார்ந்தபடியே, நம் முறை வரும்போதெல்லாம் டெக்கிலிருந்து நாம் விரும்பிய ஒரு கார்டை எடுத்துத் தரும். நான்கு பிரதி வைத்த கார்டுகூட முதல் ஏழு கார்டுகளுக்குள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம்தான். பிட்ஜியாட் பெஞ்சுக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கே தேவையில்லை. ஒற்றைப் பிரதி போதும். அதனால்தான் இந்த டெக்கில் ஒற்றைக் கார்டுகள் இத்தனை.

ஆனால் பிட்ஜியாட் வரும்வரை அந்த ஒற்றைகள் கையில் கிடக்கும் சுமைதான். ஆகவே சிறு போக்கிமான்களை டெக்கிலிருந்து பெஞ்சுக்குக் கொண்டுவரும் பட்டி-பட்டி பாஃபின் நான்கு, நடுநிலையைத் தாண்டி நேராக வளரவைக்கும் ரேர் கேண்டி நான்கு என்பதில் நான் கை வைப்பதே இல்லை. புதிதாக ஒரு கார்டு சேர்க்க இடம் வேண்டும் என்றால் பலரும் முதலில் இவற்றில் ஒன்றைத்தான் உருவுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

ஆட்டத் தொடக்கத்தில் நம் டெக்கிலிருந்து ஆறு கார்டுகள் பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும்; எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போதுதான் அவற்றை எடுக்கலாம். பிட்ஜியாட்டால் அவற்றைத் தொட முடியாது. ஒற்றைப் பிரதி அங்கே போய் மாட்டிக்கொள்ளப் பத்து சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு வைத்தால் இரண்டுமே மாட்டுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கார்டு இல்லாமல் ஜெயிக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பேன். முடியாதென்றால் இரண்டு. பிட்ஜியாட்டே என்னிடம் இரண்டு இருப்பது அதனால்தான்.

அதிகம் யோசிக்க வைத்தது சார்மீலியன். ரேர் கேண்டி இருந்தால் சார்மாண்டர் நேராகச் சாரிசார்டாகிவிடும். நடுவில் சார்மீலியன் எதற்கு என்றுதான் தோன்றும். நெடுநாள் ஒன்று மட்டுமே வைத்திருந்தேன். 2024இல் டிராகபல்ட் எக்ஸ் வந்தது. 200 சேதம் போதாதென்று பெஞ்சின் மீதும் தலா 10 சேதம் கொண்ட ஆறு சேதக் காய்களைப் பிரித்து வைக்கும். பால்டியன் ஃபேட்ஸ் தொகுப்பின் சார்மீலியன் மீது அந்தக் காய்களை வைக்க முடியாது. 2025 ஜனவரியில் பட்யூ வந்தது. எனர்ஜியே இல்லாமல் தாக்கும். அது தாக்கினால், அடுத்து வரும் நம் முறையில் ஐட்டம் வகைக் கார்டு எதையும் ஆட முடியாது. ரேர் கேண்டியும் ஐட்டம்தானே! அப்போது படிப்படியாக வளர்வதைத் தவிர வழியில்லை. இரண்டாவது சார்மீலியன் அன்றைக்கு உள்ளே வந்தது.

எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசுக்கும் சாரிசார்டின் 180 சேதத்தோடு 30 கூடும். பின்தங்கும்போது பலம் ஏறும் டெக் என்பதால், பின்தங்கினால் மட்டுமே ஆடக்கூடிய கவுன்ட்டர் கேட்சர் இதற்குக் கச்சிதம். சப்போர்ட்டர் வகைக் கார்டு முறைக்கு ஒன்றுதான். எதிராளியின் பெஞ்சிலிருந்து ஒன்றை முன்னே இழுக்கும் பாஸஸ் ஆர்டர்ஸை ஆடினால், அவர் கையைச் சுருக்கும் அயோனோவை ஆட முடியாது; இரண்டும் சப்போர்ட்டர். கவுன்ட்டர் கேட்சர் ஐட்டம் என்பதால் எதிராளியின் பெஞ்சில் இருப்பதை முன்னே இழுத்து, அதே முறையில் அயோனோவால் அவர் கையையும் சுருக்கலாம்.

டஸ்க்நாயர் சேர்த்த வடிவத்தையும் ஆடிப் பார்த்தேன். தன்னையே அழித்துக்கொண்டு 13 சேதக் காய்களை வைக்கும். எதிராளி ஒரு பரிசு எடுப்பார், சாரிசார்டுக்கு 30 கூடும். கேட்க அழகு. ஆனால் டஸ்க்நாயர் வரை வளரும் அந்த வரிசை டெக்கில் நான்கு இடத்தைத் தின்பதோடு ரேர் கேண்டிக்கும் பங்குக்கு வருகிறது. எனக்கு நிதானமான வடிவமே பிடிக்கிறது.

குறை என்று சொன்னால் நேரம். மூன்றுக்கு இரண்டு வெல்லும் சுற்றுக்கு 50 நிமிடம். ஒவ்வொரு முறையும் டெக்கைத் துழாவி, எடுத்து, கலைத்து, எதிராளியிடம் நீட்டுவதிலேயே பாதி ஓடிவிடும். எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போதே எதைத் தேடப்போகிறோம் என்று முடிவு செய்யாதவர்களுக்கு இந்த டெக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.