பெடல் தரையோடு போனால்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5க்கான கிளட்ச் சிலிண்டர் செட், ஒரு விமர்சனம்

காலையில் ஒழுங்காக இருந்த கிளட்ச் பெடல், மாலையில் சிக்னலில் மிதித்ததும் தரையோடு போய்விடும். கியர் விழாது. விழுந்த கியரும் வெளியே வராது. மாஸ்டாவின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களிடையே இது அடிக்கடி கேட்கிற புகார். 1989இல் வந்த முதல் தலைமுறை, 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை இரண்டிலும் இந்தக் கோளாறு உண்டு. இங்கே பார்க்கப்போவது அதைத் தீர்க்கும் பொருளை: பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தில் கியர் பாக்ஸ் பக்கம் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டுக்கும் இடையே உள்ள ஹோஸ். செட்டாக விற்பவர்கள் உண்டு, தனித்தனியாகவும் கிடைக்கும்.

முதலிலேயே ஒன்று. பெடல் இப்படி விழுந்ததும் "கிளட்ச் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிடாதீர்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அது திடீரென்று நடக்காது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். பெடல் அப்போதும் காலுக்கு நன்றாகவே இருக்கும். பெடலே உயிரற்றுப் போனால் பழுது ஹைட்ராலிக்கில்தான், அதாவது அழுத்தத்தைக் கடத்தும் ஆயில் லைனில்தான். அதைச் சரிசெய்ய கியர் பாக்ஸைத் தொட வேண்டாம்.

பார்க்கும் வழி எளிது. பானட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் காரின் உட்பகுதிக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவர்) ஒட்டிக் கிளட்சுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் ஆயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. காரின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம். கியர் பாக்ஸின் வலப்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கீழே ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும். அதன் முனையில் உள்ள ரப்பர் பூட்டை (தூசு தடுக்கும் உறை) விரலால் லேசாக நெம்புங்கள். உள்ளிருந்து கறுத்த ஆயில் வந்தால் சிலிண்டர் செத்தது. அங்கே காய்ந்திருந்தால் காருக்குள் பெடலுக்கு மேலே ஃபயர்வாலைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டர். இரண்டு இடமும் காய்ந்திருந்து, ஆயிலும் குறையாமல், பெடலை அழுத்திப் பிடித்தால் மெதுவாக இறங்கினால் மாஸ்டரின் உள் சீல் ஆயிலைப் பின்னோக்கி விடுகிறது என்று அர்த்தம்.

ஏன் ஸ்லேவ்தான் முதலில் போகிறது? மொத்த லைனிலும் தாழ்வான இடம் அது. கிளட்ச் லைனில் ஓடுவதும் பிரேக் ஆயில்தான், அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரமும் ரப்பர் துகளும் அழுக்கும் கீழே தங்கிச் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அரித்த சுவரில், பிஸ்டனின் சீலான ரப்பர் கப் ஓடி ஓடிக் கிழியும். பிரேக் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூடக் கிளட்ச் டப்பாவை மறந்துவிடுவதால், பல வண்டிகளில் அங்கே காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் நிற்கும்.

இனி பொருளுக்கு வருவோம். மாஸ்டாவின் ஒரிஜினல் பார்ட் விலை கூட, ஆனால் பொருத்தம் கச்சிதம். ஜப்பானில் தயாரான ஆஃப்டர்மார்க்கெட் (வேறு கம்பெனி செய்யும்) சிலிண்டர்களும் நம்பத் தகுந்தவை. விலையையும் தரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஓட்டு இவற்றுக்கே. தயாரிப்பாளர் பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டிச் சிலிண்டர்களைத்தான் ஒதுக்க வேண்டும். வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள்: உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறதா, பூட் மிருதுவாக இருக்கிறதா, பிளீட் நிப்பிள் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) கையால் தடையின்றிச் சுழல்கிறதா. நிப்பிளின் மறை கோணலாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஏர் முழுதாக வெளியேறவே போவதில்லை.

சீல் கிட் மட்டும் வாங்கிப் போடலாமே என்றால், போடலாம். செலவும் மிகக் குறைவு. உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது. இருபது முப்பது வருஷ வண்டியில் பெரும்பாலும் தட்டும். அப்படித் தட்டினால் புதுக் கப்பும் சில மாதத்தில் பழைய கதைதான். எந்த ரப்பரையும் பெட்ரோலிலோ மினரல் ஆயிலிலோ கழுவாதீர்கள், ஊதிப்போகும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

ஸ்லேவை மட்டும் மாற்றிவிட்டு மாஸ்டரை விடுவது பொய்யான சிக்கனம். பழைய மாஸ்டரின் பிஸ்டன் இத்தனை நாளும் ஒரே தூரத்துக்குள் ஓடிப் பழகியது. ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடலை அடிவரை மிதிப்பதால், இதுவரை தொடாத துருப்பிடித்த பகுதிக்குள் கப் போய் வரும். பிறகு மாஸ்டரும் கசியும், அதே வேலையை மறுபடி செய்யவேண்டி வரும். ஆகவே செட்டாக வாங்குவதையே சிபாரிசு செய்கிறோம். மாஸ்டருக்கு ஆர்டர் கொடுக்கும்போது மாடல் ஆண்டையும், ஸ்டியரிங் இடதா வலதா என்பதையும் சொல்லுங்கள். ஹோஸ் பழைய ரப்பராக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் போட்டால் பெடல் சற்றுக் கெட்டிப்படும். அது பிடிக்கிறதா என்பது அவரவர் காலைப் பொறுத்தது.

மாட்டும் வேலையில் ஒரு நுணுக்கம் தெரிந்தால் பாதி எரிச்சல் மிச்சம். ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றும் முன்பே, அது கெட்டியாக நிற்கும் நிலையில், ஹோஸின் நட்டை 17 மி.மீ. ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸை முறுக்காமல் சிலிண்டரைச் சுழற்றி எடுங்கள். மேலே மெட்டல் குழாயின் நட்டுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிற ஊரில் ஓடிய வண்டி என்றால் முந்தின நாளே எல்லா நட்டிலும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வைப்பது நல்லது. மாஸ்டரை மாற்ற டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும். பருமனானவர்கள் சீட்டைக் கழற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் ஆயிலின் தர வகைகள், டப்பாவில் DOT என்று இருக்கும்). டாட் 4க்குக் கொதிநிலை வரம்பு குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 3க்கு இவை 205, 140. கிளட்சுக்கு இரண்டும் போதும் என்றாலும் டாட் 4 போடுவதில் நஷ்டமில்லை. சிலிக்கோன் வகையான டாட் 5 மட்டும் கூடவே கூடாது, மற்றதோடு கலக்காது. டாட் 5.1 பெயரில் நெருங்கினாலும் வேறு இனம், அது போடலாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் போதாது.

ஏர் எடுப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழே நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். நிப்பிள் வழக்கமாக 8 மி.மீ., சில ஆஃப்டர்மார்க்கெட்டில் 10. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேலே டப்பாவைப் பாருங்கள். அது சின்னது, சீக்கிரம் வற்றும். ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 250 மி.லி. கையில் இருந்தால் பழைய ஆயிலும் முழுதாக வெளியேறிவிடும். குமிழி நிற்காவிட்டால் சிலிண்டரை இறக்கி, பிஸ்டனைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, நிப்பிள் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து ஆயிலை ஓடவிடுங்கள். சிலிண்டர் இறங்கியிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே குதித்துவிடும்.

சரியாக முடிந்ததா என்று காலால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவுடையது 19.05. பரப்பளவுக் கணக்கில் 1.44 மடங்கு வித்தியாசம். அதாவது மாஸ்டர் பிஸ்டன் 18 மி.மீ. போனால் ஸ்லேவ் தண்டு 12.5 மி.மீ. நகரும், அதுவும் ஏர் இல்லாவிட்டால் மட்டுமே. ஒருவர் மிதிக்க, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 12ஐ ஒட்டி வந்தால் நல்லது, ஏழெட்டில் நின்றால் உள்ளே காற்று. தண்டு முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் அப்போதுதான் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பாகங்களான ஃபோர்க், பிரஷர் பிளேட், பைலட் பேரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். கியர் பாக்ஸைப் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோடு இணைக்கும் நீளமான ஃபிரேமைக் கழற்றி இறக்கும் வேலை அது. அதற்கு இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 200 மி.மீ. பிளேட், 1.8 லிட்டருக்கு 215.

மாஸ்டர் புதிதாகப் போட்டவர்கள் பெடலின் மேல் பகுதியில் ஓரிரு மி.மீ. ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் தண்டை இறுக்கிவிட்டால் மாஸ்டரின் திரும்பு துளை (ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி) மூடியே கிடக்கும். ஆயில் சூடாகி விரியும்போது அழுத்தம் வெளியேற வழியின்றி கிளட்சைத் தளர்த்திப் பிடிக்கும். நல்ல பிளேட் வழுக்க ஆரம்பித்து, கருகிய வாடையும் வரும்.

நடுரோட்டில் மாட்டிக்கொண்டால்: பெடலை நாலைந்து முறை வேகமாக அடித்துப் பாருங்கள், ஒரு கியர் மாற்றத்துக்கு உயிர் வரலாம். டப்பாவில் ஆயில் ஊற்றினால் கொஞ்ச தூரம் ஓடும். அதுவும் இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திருப்புங்கள். வண்டி துள்ளிக் கிளம்பும். அமெரிக்க மாடல்களில் பெடலை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும். பெடல் தரையில் கிடந்தாலும் அந்த ஸ்விட்ச் வேலை செய்யும். ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டவுடன் கியரை நியூட்ரலுக்கு இழுத்து, ஆர்பிஎம் இறங்கும்போது அடுத்த கியரை மெல்ல நுழைக்கலாம். சிக்னலில் நிற்கும் முன் நியூட்ரல், நின்றதும் இன்ஜின் ஆஃப். நெரிசல் உள்ள ஊரில் இதை முயற்சிக்காமல் டோ வண்டியைக் கூப்பிடுவதே மலிவு.