அரசுப் பள்ளி நீட் இலவசப் பயிற்சி: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு தமிழ்நாடு அரசின் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு கூடிவிட்டது. இடம் கிடைத்தால் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பயிற்சிக்கும் செலவில்லை.

உயிரியலுக்கு இந்த வகுப்பே போதும். நீட் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை வரிவிடாமல் படித்தாலே பெரும்பகுதி கைக்குள். இடறுவது இயற்பியலில்தான். சூத்திரம் தெரிந்தும் கணக்கை ஒரு நிமிடத்தில் முடிக்கும் பழக்கம் வாரத்தில் சில மணிநேர வகுப்பில் வராது. பதினொன்றாம் வகுப்பிலேயே தினம் இருபது கணக்காவது தனியாகப் போட வேண்டும்.

மாதிரித் தேர்வை ஓஎம்ஆர் தாளில் (விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் தாள்) எழுதுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிப் பழகியவர்கள் வட்டம் நிரப்புவதில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். உயிரியலுக்கு 50, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, ஓஎம்ஆருக்கு 20 நிமிடம் எனப் பிரிப்பது நல்லது. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் துணிந்து குறியுங்கள்.

தமிழில் எழுதுவோர் ஆங்கிலக் கலைச்சொற்களையும் படிக்கவும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றுகளை ஒவ்வொரு பள்ளியிலும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த ஆண்டுகள் இந்த ஒதுக்கீட்டில் சேராது.