மி.லி. பட்டனைத் தொடாதவரை நல்ல தராசு

பாத்திரக் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கிச்சன் தராசு: அதிகபட்சம் 10 கிலோ, ஒரு கிராம் வரை காட்டும், இரண்டு ஏஏ பேட்டரி. கேக், பிரெட் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் 'மி.லி.யிலும் அளக்கும்' என்று அட்டையில் போட்டிருப்பதற்காக வாங்காதீர்கள்.

மி.லி. பட்டனை அழுத்தினால் கிராம் எண்ணையே மி.லி. என்று காட்டும், அவ்வளவுதான். எதை ஊற்றினாலும் அதற்குத் தண்ணீர்தான். பாலில் பெரிய வித்தியாசம் வராது, 100 மி.லி. பால் சுமார் 103 கிராம். எண்ணெயில்தான் வம்பு. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். திரையில் 100 வரும்வரை ஊற்றினால் கிட்டத்தட்ட 110 மி.லி. விழுந்துவிடும். தேனில் நேரெதிர்: 100 காட்டும்போது உள்ளே இருப்பது 70 மி.லி.தான். தராசு கிராமிலேயே இருக்கட்டும், கணக்கை நாம் போட்டுக்கொள்வோம்.

அந்தக் கணக்குக்கு முதலில் எந்தக் கப் என்று தெரிய வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்பில் வரும் கப் 237 மி.லி., வசதிக்கு 240 என்பார்கள். இங்கே விற்கும் செட்டுகளில் 250-ம் உண்டு, 240-ம் உண்டு, அடியில் பாருங்கள். ரைஸ் குக்கரோடு வருவது 180. அமெரிக்கக் கப்புக்குச் சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 227, கோகோ பவுடர் 85. மைதா 120 முதல் 125, அதுவும் ஸ்பூனால் அள்ளிப் போட்டுக் கத்தியால் வழித்தால். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 145-ஐத் தாண்டும். மூன்று கப் மைதாவில் 60 கிராமுக்கு மேல் கூடிவிடும். கேக் வறண்டு உச்சியில் வெடிப்பதற்கு ஓவனைத் திட்டிப் பயனில்லை.

இட்லி மாவுக்குத் தராசை எடுக்கவே வேண்டாம். நாலுக்கு ஒன்று என்பது விகிதம். அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே டம்ளர் என்றால் போதும், அது ஆழாக்கானாலும் உழக்கானாலும்.

சின்ன அளவுகளில் இந்தத் தராசு சொதப்பும். ஈஸ்ட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் எண் நகராமல் 0-விலேயே நிற்கும். அந்தச் சிறு மாற்றங்களைத் தராசு தானாகப் பூஜ்யமாக்கிக்கொள்கிறது. 5 கிராமுக்குக் கீழே டீஸ்பூன்தான் நம்பகம்: இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சுமார் 3 கிராம், தூள் உப்பு 6. கல் உப்பு என்றால் இடைவெளி அதிகம், அதே ஸ்பூனில் குறைவாகத்தான் பிடிக்கும்.

இரண்டு நிமிஷம் போல சும்மா விட்டால் தானாக அணைந்துவிடும், டேர் (பாத்திரத்தின் எடையைக் கழித்து எண்ணைப் பூஜ்யமாக்கும் பட்டன்) போட்டு வைத்திருந்ததும் போச்சு. காலிப் பாத்திரத்தின் எடையை அதன் அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். அகலமான பேசின் திரையை மறைக்கும்; ஒரு கிண்ணத்தைத் தட்டின் மேல் வைத்து, டேர் அழுத்தி, அதன் மேல் பேசினை வைக்கலாம். ஃபேன் காற்றில் எண் ஆடும், மெத்தென்ற மேஜை விரிப்பில் தப்பாகக் காட்டும்.

வாங்கியதும் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை வைத்துப் பாருங்கள். கவரோடு 515-ஐ ஒட்டி வர வேண்டும். 530 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.